ஜெயக்கொடியின் கையில் ஏறிய வாட்ச்

உள்ள தள்ளி ஜன்னல் பக்கம் உக்காருங்க தம்பி. எனக்கு வேண்டாம், எனக்கு இந்த ஓரம்தான் சரி. டிக்கெட்ட மேல்பாக்கெட்ல வைக்காதீங்க, காத்துல பறந்துரும். அப்புறம் கல்லுப்பட்டியில செக்கிங் ஏறுனா திருதிருன்னு முழிக்கணும். உள்பையில வைங்க. ஆங், அப்படி.

நான் செக்கிங் இன்ஸ்பெக்டர் தம்பி. ரிட்டயர்டு. பேரு சௌந்தரபாண்டி. ராஜபாளையத்துல பழைய கண்டக்டர் யாராவது இருந்தாக் கேட்டுப் பாருங்க, என் பேரச் சொன்னதும் அவன் கை தானா தோள்பையத் தடவும். பஸ்ல கால வச்ச நிமிசமே எனக்குத் தெரிஞ்சிரும், எவன் வித்தவுட்டுன்னு. டிக்கெட் எடுத்தவன் என் மூஞ்சியப் பாப்பான். எடுக்காதவன் ஜன்னலப் பாப்பான். வெளிய என்ன தேரா ஓடுது? ஒண்ணும் இருக்காது, பொட்டக்காடு. ஆனாலும் பாப்பான். என் சர்வீஸ் பூரா இந்தக் கணக்கு தப்புனதில்ல. ஒரே ஒரு தடவ ஒரு அம்மா, வத்திராயிருப்புக்காரம்மா, ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்துச்சு. பிடிச்சு எழுப்பிட்டேன். கடைசியில பாத்தா டிக்கெட்டு சுருக்குப்பையில இருக்கு. செத்த வீட்டுக்குப் போயிட்டு வருதாம், கண்ணுல தண்ணிய மறைக்க அந்தப் பக்கம் திரும்பிருக்கு. ஒண்ணு ரெண்டு அப்படி வரத்தான் செய்யும். அத விடுங்க.

நீங்க யாரு, என்ன சோலி பாக்குறீங்கன்னு நான் கேக்கமாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டுல நீங்க நின்னப்பவே பாத்து வச்சுட்டேன். அது அப்புறம் சொல்றேன்.

எனக்கு மதுரை. ஆஸ்பத்திரிக்கு. வீட்டுக்காரி ஜெயக்கொடிய நேத்து அங்க சேத்திருக்காங்களாம். நெஞ்சுல மிஷின் வைக்கணுமாம், இன்னைக்கே வைக்கணுமாம், தள்ளிப்போட்டா உசிருக்கு உத்தரவாதம் இல்லையாம். டாக்டர் சொன்னதா எம்மக சொல்றா. நான் இன்னும் நம்பல. எதையும் கண்ணால பாத்து, கையில வாங்கி, முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும். அது என் தொழில் புத்தி. எல்லாம் ஒரு வாட்ச்சால வந்த வினை தம்பி.

மொதல்ல வாட்ச்சு இல்ல, பட்டை. ஃபிட்னஸ் பேண்டுன்னு சொல்வாங்கள்ல, அது. எனக்கு அது பட்டை. எங்க கல்யாண நாளுக்கு மக தமயந்தி மதுரையிலருந்து ரெண்டு அனுப்பிச்சா, எனக்கொண்ணு, அவுக அம்மாவுக்கொண்ணு. கறுப்பு ரப்பரு. கையில மாட்டிக்கிட்டு நடந்தா எம்புட்டு நடந்தோம்னு எண்ணிச் சொல்லும். அமுக்குனா நாடி காட்டும். அம்புட்டுத்தான். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கேட்டாப் பதில் சொல்லும், கேக்காட்டி வாயத் தொறக்காது. அப்படி ஒரு கண்டக்டர் எனக்கு சர்வீஸ்ல வாய்க்கவே இல்ல.

காலையில ரெண்டு பேரும் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவோம். நான் முன்னால, அவ பின்னால. சாயங்காலம் ரெண்டு பட்டையையும் கழட்டி டேபிள் மேல வச்சு நான் ஒத்துப் பாப்பேன். பாத்தா, தினமும் அவளுது என்னுதவிட ஜாஸ்தி. அது எப்படி? ஒண்ணாப் போனோம், ஒண்ணா வந்தோம். ஒரே ரூட்டு, ஒரே டிரிப்பு. நான் ஆம்பள, என் கால் எட்டு வேற. அப்ப எங்கயோ இடிக்குதில்ல?

எங்கிட்டயேவா? கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு அடுப்படி வாசல்ல சேரப் போட்டு உக்காந்துட்டேன். சப்பாத்திக்கு மாவு பிசையிறா. கை முன்னயும் பின்னயும் போகுது. பட்டையில நம்பர் ஏறுது தம்பி! நின்ன இடத்துல நிக்கிறா, நம்பர் ஏறுது! “ஏ ஜெயக்கொடி, வித்தவுட்டு!”ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவ திரும்பிப் பாத்துச் சிரிக்கிறா. “வீட்டுக்குள்ள நான் நடக்குறத இத்தன வருசமா யாரு எண்ணுனா? இதாவது எண்ணிட்டுப் போகட்டுமே”ங்கிறா. நான் விடுவனா? மாவு பிசையும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் பட்டையக் கழட்டிரணும்னு ஆர்டர் போட்டேன். கழட்டுனா. அப்புறமும் அவளுதுதான் ஜாஸ்தி வந்துச்சு. அது எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.

சரி, அது சில்லறைக் கேஸு. பெரிய கேஸு தையில வந்துச்சு.

என் தங்கச்சி மகளுக்கு சிவகிரியில வளைகாப்பு. நான் தாய்மாமன். எங்க பக்கத்துல முதல் வளையல் தாய்மாமன் பொண்டாட்டிதான் போடணும். அவ போகாட்டி, என்ன விசயம், ஏது விசயம்னு ஊரே கேக்கும். இவளுக்கும் என் தங்கச்சிக்கும் ஆகாது. ஒரு பித்தள அண்டாவுல ஆரம்பிச்ச சண்ட, அண்டா ஓட்டையாகியும் சண்ட போகல. கிளம்புற அன்னைக்குக் காலையில சேலையெல்லாம் கட்டி, பூ வச்சு, செருப்பு மாட்டப் போறவ அப்படியே கட்டில்ல உக்காந்துட்டா. “என்னங்க, நெஞ்சு ஒரு மாதிரி வருது. விட்டு விட்டு அடிக்குற மாதிரி இருக்கு. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்”ங்கிறா.

வளைகாப்பு அன்னைக்குப் பாத்துத்தான் நெஞ்சு விட்டு விட்டு அடிக்குமா? எத்தன பேரப் பாத்திருக்கேன்! டிக்கெட்டக் கேட்டதும் மயக்கம் வரும், வலிப்பு வரும், வாய் பேசாமப் போயிரும். அழகாபுரிகிட்ட ஒருத்தன் என் கால்லயே விழுந்து கண்ணு சொருகிட்டான். கண்டக்டர் பயந்துட்டான். நான் தண்ணியக் கொண்டாடான்னு மூஞ்சியில தெளிச்சேன். பட்டுனு முழிச்சு, கீழ குதிச்சு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சோளக்காட்டுக்குள்ள ஓடுனான் பாருங்க, பஸ்ஸே சிரிச்சுச்சு. தண்ணி தெளிச்சதும் முழிச்சா அது நடிப்பு. எழுதி வச்சுக்கோங்க.

இவளும் பேசும்போது என் கண்ணப் பாக்கல. அதக் கவனிச்சேன். ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வெளியவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் அவ கையப் பிடிச்சுப் பட்டையத் திருப்பிப் பாத்தேன். நாடி நம்பர் ஒழுங்காத்தான் இருந்துச்சு. “இந்தா, நீயே பாரு. உனக்கு ஒண்ணுமில்லன்னு மிஷினே சொல்லுது. மனுசன் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது”ன்னேன். “இது நடந்ததத்தாங்க ஒழுங்கா எண்ணும்”னு முணுமுணுத்துக்கிட்டே எந்திரிச்சு வந்தா.

வந்தது வந்தா, ஒழுங்கா இருந்திருக்கக் கூடாதா? சபை நிறைய ஆளு. முதல் வளையல மாட்டும்போது கை ஆடி, பச்சக் கண்ணாடி வளையல் பட்டுனு உடைஞ்சுபோச்சு. வளைகாப்புல வளையல் உடைஞ்சா எப்படி இருக்கும்? என் தங்கச்சி தலையில அடிச்சுக்கிட்டா. இவ சேர்ல சரிஞ்சு உக்காந்து தண்ணி, தண்ணிங்கிறா. எனக்கு மானம் போச்சு தம்பி. குனிஞ்சு காதோட சொன்னேன், “நடிச்சது போதும், எந்திரி.” எந்திரிச்சுட்டா. முடிஞ்சதாலதான எந்திரிச்சா? நெசமாவே முடியாதவ எப்படி எந்திரிப்பா? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் நெஞ்சு வலிப் பேச்சே கிடையாது. ஒரு நாள் கூட எங்கிட்ட அப்படி வருது, இப்படி வருதுன்னு அவ வாயத் தொறக்கல. ஒரு அதட்டுல குணமாகுற நோவுன்னா அது நோவா?

கிருஷ்ணன்கோவில் வந்துருச்சு. டிரைவருக்கு முன்னால ஒரு கட்டம் போட்ட சட்ட நிக்கிறான் பாருங்க, உக்காராம. சரி விடுங்க, நமக்கென்ன.

எதுல விட்டேன்? ஆங், வாட்ச்சு. பங்குனி பொறந்திருக்கும். காலையில காப்பி கொண்டாந்து வைக்கிறா, கையில பட்டையக் காணோம். அந்த இடத்துல ஒரு வாட்ச்சு உக்காந்திருக்கு. சதுரமா, பளபளன்னு கண்ணாடி. சும்மா இருந்தா கறுப்பாச் செத்துக் கிடக்கும், கையத் திருப்புனா உசிர் வந்துரும். ஸ்மார்ட் வாட்ச்சாம்.

சர்வீஸ்ல வித்தவுட்டு எவனா இருந்தாலும் நான் மூணே கேள்விதான் கேப்பேன். எங்க ஏறுன? எங்க போற? கூட யாரு? மூணுல ஒண்ணுல உளறிருவான். வாட்ச்சு விசயத்துலயும் அதேதான் கேட்டேன். எங்கருந்து வந்துச்சு? “தமயந்தி குடுத்துவிட்டா.” எதுக்கு? “மணி பாக்கத்தான்.” இது வேற யாருக்குத் தெரியும்? காப்பி டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. நான் இன்னும் குடிச்சே முடிக்கல.

மணி பாக்கவாம்! ஹால்ல ஒரு கடிகாரம், அடுப்படியில ஒண்ணு, அவ செல்லுல ஒண்ணு, போதாக்குறைக்குப் பக்கத்து சர்ச்சுல வேற மணிக்கொருதரம் அடிக்கிறான். இதுக்கு மேல எதுக்கு மணி? எந்த பஸ்ஸப் பிடிக்கப் போறா? பழைய பட்டை எங்கன்னு கேட்டேன். தையல் மிஷின் டிராயருக்குள்ள கிடக்குன்னா. “அதுக்கு என்ன கேடு? நல்லாத்தான எண்ணுச்சு?”

“அது உங்க பக்கந்தாங்க பேசும்”னா.

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. நல்ல சாட்சிய விலக்கிட்டு, விலைக்கு வாங்குன சாட்சியக் கூட்டிட்டு வந்து நிறுத்துறா. கோர்ட்டுல நடக்கும் இது. வீட்டுக்குள்ளயுமா?

அன்னையிலருந்து நான் கண்ண எடுக்கல. அந்த வாட்ச்சு அடிக்கடி டுர்ருங்கும். அவ ஒரு பார்வ பாப்பா, முந்தானைய இழுத்துக் கையில போட்டு மூடிக்குவா. மடியில கனமில்லாட்டி வழியில எதுக்குப் பயம்? படுக்கும்போதும் கழட்டமாட்டா. கொல்லப்பக்கம் போய் நின்னுக்கிட்டு வாட்ச்சுக்கிட்ட பேசுறா தம்பி! கைய வாய்கிட்ட கொண்டு போய், மெதுவா. ஒரு நாள் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். “ம்... இன்னைக்குப் பரவால்ல... ரெண்டு தடவ வந்துச்சு... அப்பா இருக்காரு, அப்புறம் பேசுறேன்.” அப்பான்னு சொன்னதால மககிட்டதான் பேசுறான்னு நெனப்பீங்க. அப்படி நெனைக்கணும்னுதான் அப்பான்னு சொல்றது. ரெண்டு தடவ வந்துச்சுன்னா, யாரு வந்தது? அதச் சொல்லுங்க.

மைதானத்துலயும் ஆளு மாறிட்டா. முன்ன என் பின்னாலயே வருவா. இப்ப, “நீங்க போங்க, நான் மெதுவா வாரேன்”ங்கிறா. நான் ஒரு சுத்து முடிச்சுத் திரும்பிப் பாத்தா, புங்கமரத்தடியில கல் பெஞ்சுல உக்காந்திருக்கா. பக்கத்துல ரெங்கராஜு மாஸ்டர் நிக்கிறாரு. டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. பொஞ்சாதி தவறிட்டாங்க. வயசானாலும் ஆளு விறைப்பா இருப்பாரு, வெள்ளை பனியன், வெள்ளை ஷூ. அவரு கையில என்ன கட்டியிருக்காருன்னு நெனைக்கிறீங்க? அதே வாட்ச்சு! சதுரம்! அதே கறுப்பு!

செக்கிங்ல ஒரு பாடம் உண்டு தம்பி. ஆளு எதிர்பாக்குற ஸ்டாப்புல ஏறக்கூடாது. மறுநாள் முட்டி வலிக்குது, நீ மட்டும் போன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன். அவ போனதும் எந்திரிச்சு, பின்தெரு வழியாப் போய், தண்ணித்தொட்டிச் சுவரு மறைவுல நின்னேன்.

பெஞ்சுல உக்காந்திருக்கா. வாட்ச்சோட ஓரத்துல மறு கை விரல வச்சு அமுக்கிக்கிட்டு, கண்ண மூடி, ஆடாம அசையாம இருக்கா. சாமி கும்பிடுறவ கூட அப்படி இருக்கமாட்டா. அந்த ஆளு பக்கத்துல நின்னுக்கிட்டு, பேச வர்றவங்கள எல்லாம் கையக் காட்டி ஒதுக்குறாரு. காவல் காக்குறாராம்! கொஞ்ச நேரங்கழிச்சு அவ கண்ணத் தொறந்து வாட்ச்சப் பாத்தா, அவருகிட்டயும் காட்டுனா. அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சு. குனிஞ்சு என்னமோ சொன்னாரு. இவ முந்தானையால கண்ணத் தொடைக்கிறா.

இத்தன வருசக் குடும்பத்துல எம்முன்னால ஒரு நாள் கண்ணத் தொடைச்சதில்ல அவ. அடுத்தவன் முன்னால தொடைக்கிறா. கண்ணத் தொடைக்கிறதுக்கும் ஒரு உரிமை வேண்டாமா?

நேராப் போய் முன்னால நின்னேன். “கழட்டு வாட்ச்ச.” நடக்குறவங்க எல்லாம் நின்னுட்டாங்க. மாஸ்டர் குறுக்க வந்தாரு. “சார், ஆத்திரப்படாதீங்க. உங்களுக்குத் தெரியாதா, அவங்களுக்கு...”ன்னு ஆரம்பிச்சாரு. இவ கையக் காட்டி நிறுத்திட்டா. “வேண்டாம் மாஸ்டர். சொன்னா நடிப்பும்பாரு.”

கேட்டுக்கோங்க! உண்மையச் சொல்ல வந்த ஆளோட வாய அடைக்கிறா. இதவிட என்ன ருசு வேணும்?

வாட்ச்சக் கழட்டி என் உள்ளங்கையில வச்சா. “பூட்டு போட்டிருக்கு. நம்பர் வேற ஒண்ணுமில்ல, உங்க ஸ்டாஃப் நம்பர்தான்”னா. என்ன கெட்டிக்காரத்தனம் பாத்தீங்களா? என் நம்பரையே பூட்டா வச்சா நான் சந்தேகப்படமாட்டேன்னு ஒரு கணக்கு. நான் அதத் தொறக்கவே இல்ல. எனக்கு அந்தக் கருமாந்திரத்த எங்க அமுக்கணும்னும் தெரியாது. கொண்டு போய் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். தையல் மிஷின் டிராயரத் தொறந்து பழைய பட்டைய எடுத்துக் குடுத்தேன். “இதக் கட்டு. இது போதும் உனக்கு.” கட்டிக்கிட்டா.

ஒரு வாரம் வீடு நிம்மதியா இருந்துச்சு. டுர்ரு கிடையாது, கொல்லப்பக்கப் பேச்சு கிடையாது. ஒரே ஒரு தடவதான் கேட்டா. “தூங்கும்போது மட்டுமாவது அதக் குடுங்களேன்”னா. தூங்கும்போது எதுக்கு மணி? நான் குடுக்கல. நீங்களா இருந்தாக் குடுப்பீங்களா?

அழகாபுரி தாண்டிருச்சா? வெயில் ஏறிருச்சு. உங்களுக்குத் தண்ணி வேணுமா? எனக்கும் வேண்டாம்.

நேத்து. நேத்து காலையில நான் ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். அவ கொல்லையில துணி துவைக்கிறா. தொப்புன்னு ஒரு சத்தம். தண்ணிக் கொடம் விழுந்த மாதிரி. “என்ன சத்தம்?”னு கேட்டேன். பதில் இல்ல. வாட்ச்சுக் கோவம் இன்னும் போகல போலன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த பக்கத்தத் திருப்பிட்டேன். அந்தப் பக்கத்த முழுசாப் படிச்சேன். வேலை வாய்ப்பு விளம்பரம் வரைக்கும் படிச்சேன். அப்புறம் பக்கத்து வீட்டு எஸ்தரம்மா சுவத்துக்கு அங்கிட்டு இருந்து எட்டிப் பாத்து அலறுது.

ஓடுனேன். துவைகல்லுகிட்ட ஒருக்களிச்சுக் கிடக்கா. மூஞ்சியில ரத்தமே இல்ல, உதடு நீலமா இருக்கு. கையில அந்தப் பட்டை அது பாட்டுக்கு நம்பர் காட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு ஒண்ணுமே தெரியல தம்பி. நான்தான் வாளித் தண்ணிய அள்ளித் தெளிச்சேன். முழிச்சா. கவனிச்சீங்கல்ல? தண்ணி தெளிச்சதும் முழிச்சா! எஸ்தரம்மாகிட்ட அதத்தான் சொன்னேன். அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, என்னமோ நான் டிக்கெட் எடுக்காதவன் மாதிரி.

எஸ்தரம்மா வீட்டுக்காரரு காரை எடுத்தாரு. தமயந்தி போன்ல, நேரா மதுரைக்கே கொண்டாந்துருங்கன்னுட்டா. என்னையும் ஏறச் சொன்னாங்க. நான் ஏறல. வீட்டப் பாத்துக்க ஆள் வேண்டாமா? எல்லாரும் சேந்து நடத்துற நாடகத்துக்கு நான் எதுக்குக் கூடப் போகணும்? கார் கிளம்பும்போது ஜெயக்கொடி கதவு வழியாப் பாத்தா. என்னைத்தான் பாத்தா. மூஞ்சிக்கு நேரா. அது ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சம் இடிச்சுச்சு.

சாயங்காலம் மக போன் பண்ணா. அப்பா, சாப்பிட்டீங்களா, பயந்துட்டீங்களா, ஒரு வார்த்த கேக்கல. எடுத்ததும், “வாட்ச் எங்கப்பா?”ன்னா. பாத்தீங்களா, அதுலதான் விசயம் இருக்கு! ஏன்னு கேட்டேன். “அம்மா கழட்டவே மாட்டாங்கப்பா, அது எப்படி அவங்க கையில இல்லாமப் போச்சு?”ன்னா. பீரோவுல இருக்குன்னேன். போன்லயே அழுகுறா. அந்த வாட்ச்சு நெஞ்சு அடிக்கிறத எழுதுமாம். அம்மா தினமும் பெஞ்சுல உக்காந்து எழுத வச்சு அனுப்புவாளாம். மாஸ்டரோட பொஞ்சாதி நெஞ்சு நோவுலதான் போனாங்களாம், அதுல பழகுன மனுசன், அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தாராம். இந்த வாரத்துல டாக்டர்கிட்ட காட்ட நாள் வாங்கியிருந்தாங்களாம்.

இன்னொண்ணும் சொன்னா. கீழ விழுந்தா அந்த வாட்ச்சு தானாவே போன் போடுமாம். யாருக்குப் போடணும்னு நம்பர் எழுதி வைக்கணுமாம். அவ எழுதி வச்சிருந்தது என் நம்பராம். மொதல்ல என் நம்பர், அதுக்குக் கீழதான் மக நம்பர். ஹால்ல இருந்த எனக்கு அடிச்சிருக்குமாம். மக சொல்றா. நான் அதையும் நம்பல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாதவ என் நம்பர எதுக்கு மொதல்ல எழுதணும்? முரணா இல்ல?

கல்லுப்பட்டி. இங்க பத்து நிமிசம் நிப்பான். நல்ல வேளை. எறங்கிராதீங்க தம்பி, டீ அப்புறம் குடிச்சுக்கலாம். நான் வாங்கித் தாரேன். உங்ககிட்ட ஒரு காரியம் இருக்கு.

நான் சொன்னேன்ல, ஸ்டாண்டுலயே பாத்து வச்சுட்டேன்னு. உங்க சட்டைக்குள்ள நீலக் கயிறு தெரியுது. கயித்து நுனியில அட்டை, அதுல ஆஸ்பத்திரிப் படம். பையில வெள்ளைக் கோட்டு மடிச்சு வச்சிருக்கீங்க. ஒரு இருதயம் போட்ட புஸ்தகம் ஓரமா எட்டிப் பாக்குது. டாக்டருக்குப் படிக்கிறீங்க, சரிதான? இந்தப் பாண்டி கண்ணு தப்பாது. உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு இந்த சீட்டக் கேட்டாங்க, அதுல ஒரு கைப்பிள்ளைக்காரி. ஆள் வருதுன்னு சொல்லிட்டேன். பொய். நான் சொன்ன பொய் தம்பி. உங்களுக்காகச் சொன்னேன்.

இந்தாங்க, இந்தப் படத்தப் பாருங்க. மக காலையில செல்லுல அனுப்புனா. நான் பூட்டி வைக்கிறதுக்கு முன்னால அந்த வாட்ச்சு எழுதுனதாம். கோடு மேல போகுது, கீழ வருது, மேல போகுது, கீழ வருது. அப்புறம் இந்தா, இங்க ஒண்ணுமே இல்லாம நேராக் கிடக்குது பாருங்க, இம்புட்டுத் தொலவு. அந்த நேரத்துல அவ நெஞ்சு நின்னு போகுதாம். அப்புறமா எடுத்து ஓடுதாம். எத்தன கள்ள டிக்கெட்டு பாத்தவன் நான், வெளிச்சத்துல பிடிச்ச மாத்திரத்துல சொல்லிருவேன். இதுல எங்க கள்ளம் இருக்குன்னு விடிஞ்சதுலருந்து தேடுறேன். பெருசாக்கிப் பாக்குறேன், கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாக்குறேன். கிடைக்க மாட்டேங்குது.

ஆனா எங்கிட்ட வேற ருசு இருக்கு. சட்டைக் கைய மடிக்கிறேன், பாருங்க. வாட்ச்ச நான்தான் கட்டியிருக்கேன். பீரோவத் தொறந்து, அவ சார்ஜ் போடுற வெள்ளை வட்டத்துல வச்சு, என் ஸ்டாஃப் நம்பரப் போட்டேன், தொறந்துக்கிச்சு. டெஸ்ட் பண்ணணும்ல? பஸ் ஏறுனதுலருந்து டுர்ரு டுர்ருன்னு கையப் பிடிச்சு ஆட்டுது. என்னன்னு பாருங்க. இங்கிலீஷ்ல எழுதுது. சும்மா உக்காந்திருக்கீங்க, ஆனா நெஞ்சு ரொம்ப வேகமா ஓடுதுன்னு எழுதுது. அதான அர்த்தம்? நான் படிச்சது சரிதான?

நான் என்ன ஓடவா செய்றேன்? உங்க பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். உக்காந்திருக்கவனுக்கு எதுக்கு நெஞ்சு ஓடணும்? எனக்கு ஒரு நோவும் கிடையாது, பயமும் கிடையாது. அப்ப இது பொய்தான? எனக்குப் பொய் சொல்ற வாட்ச்சு அவளுக்கும் பொய்தான சொல்லியிருக்கும்? இந்த நேர் கோடும் பொய்தான?

ஆயுசு பூரா பொய்யத் தேடித் தேடிப் பிடிச்சவன் தம்பி நான். இது ஒண்ணு பொய்யா இருக்கணும். அவ நடிச்சவளா இருக்கணும். நான் போய் நிக்கும்போது கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து, எப்படி ஏமாத்துனேன் பாத்தீங்களா செக்கிங்குன்னு அவ சிரிக்கணும். நான் ஒரு வார்த்த திட்டமாட்டேன். அவ எம்புட்டு நடந்தான்னும் கேக்கமாட்டேன்.

படத்த நல்லாப் பாத்துட்டீங்கல்ல? சொல்லுங்க.

தம்பி...

வெளிய ஒண்ணுமில்ல தம்பி, டீக்கடையும் பொட்டக்காடுந்தான். ஜன்னலப் பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.